வாலைக் கலமும் ஈயப் பற்றும்

பன்னீரும் ஓமத் தீநீரும் தம் கையாலேயே வடித்துக்கொள்ளும் ஆசை நம் விடுதி நண்பர்கள் சிலரிடையே அண்மையில் பிறந்திருக்கிறது. வரவேற்கத் தக்க ஆசைதான். ஆனால் இம்முயற்சியில் இறங்குவோர், இரசாயனம் படிப்பவன் என்ற முறையில் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்வி: "கொதிகலம் செம்பில் இருக்கலாமா, எவர்சில்வரில் இருக்கலாமா?" கேட்பதில் தவறில்லை, ஆயினும் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுவது ஆபத்து என்பது என் கருத்து. கலம் எந்த உலோகம் என்பதைவிட, அதன் ஒட்டுகள் எதனால் பற்றவைக்கப்பட்டன, உட்பக்கம் என்ன பூசப்பட்டது, ஆவி எந்தக் குழாய் வழியே இறங்குகிறது என்பவையே முதலில் கேட்கத் தக்கவை.

காரணம் எளிது. உப்பு நீரைக் காய்ச்சினால் ஆவி மட்டும் மேலேறும். உப்பு அடியில் தங்கிவிடும். இது பள்ளிக்கூடத்திலேயே நாம் கற்ற பாடம். கொதிகலத்திலிருந்து கரையும் செம்பும் அலுமினியமும் அவ்வாறே அடியில் தங்குகின்றன. பொங்கித் தெறித்தாலன்றி அவை குழாய் ஏறா. ஆனால் ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகும் இடம் இருக்கிறதே, அங்கே தொட்டது தொட்டபடி புட்டிக்குள் வந்து சேர்கிறது. போதாததற்கு, புதிதாய் வடிந்த நீர் பசித்த நீர். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இலேசாகப் புளிக்கும். கிணற்று நீரோ குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்புப் படலம் ஒன்றைப் படியவைத்து, உலோகத்துக்கும் தனக்கும் இடையே திரை போட்டுக்கொள்ளும். வாலை வடிநீருக்கு அந்தத் திரை இல்லை. ஆகவே ஆயிரக்கணக்கில் செலவிட்டு அருமையான கொதிகலம் வாங்கி, அதன் மூக்கில் ஈயப் பற்று வைத்த பழைய குழாயைச் சொருகுபவர், வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தவரே ஆவார்.

இது என் கற்பனையன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1723-ஆம் ஆண்டிலேயே ரம் வடிக்கும் வாலைகளுக்குக் காரீயத் தலையும் காரீயச் சுருள் குழாயும் கூடாதென்று சட்டம் இயற்றினர். அந்த ரம்மைக் குடித்தவர்கள் வயிற்று வலியால் துடித்தும் கைகால் விளங்காமலும் போனதே காரணம் என்று பெஞ்சமின் பிராங்கிளின் 1786-இல் எழுதிய கடிதமொன்றில் நினைவு கூர்கிறார். கொதிகலத்தைப் பற்றியன்று, தலையையும் குழாயையும் பற்றியே அச்சட்டம் பேசிற்று என்பதைக் கவனியுங்கள். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதே நாட்டில், மோட்டார் வண்டியின் ரேடியேட்டரைக் குளிர்விக்கும் சுருளாக்கிக் கள்ளச்சாராயம் வடித்து, அதன் ஈயப் பற்றிலிருந்து நஞ்சேறி மருத்துவமனைக்கு வந்தவர்கள் உண்டு.

சாராயப் பேச்சு வந்துவிட்டபடியால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது பன்னீரையும் தீநீரையும் பற்றியே. உரிமமின்றிச் சாராயம் வடிப்பது குற்றம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது மெதனால். அதை எந்த உலோகக் கலமும் தடுத்திராது.

இனி, நம் மொழியிலேயே உள்ள ஒரு சங்கடத்துக்கு வருகிறேன். வெள்ளீயம், காரீயம் என்று இரு சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். ஒன்று நம் பாட்டிமார் இரசம் வைத்த ஈயச் சொம்பு. மற்றொன்று நரம்பையும் மூளையையும் தின்னும் நஞ்சு. இருந்தும் பேச்சில் இரண்டையும் "ஈயம்" என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். "ஈயம் பூசின பித்தளைதானே, அதில்தானே தலைமுறை தலைமுறையாகச் சமைத்தோம்" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். பூசியது வெள்ளீயமாயிருந்தால் அவர் வாதம் செல்லும். அடுப்பு மூட்டி, நவச்சாரம் தூவி, பஞ்சால் வழித்துப் பூசும் அந்தக் கலையில் நான் குறை காணவில்லை. ஆனால் வெள்ளீயத்தின் விலை காரீயத்தினும் பன்மடங்கு. வெள்ளீயக் கட்டியில் காரீயம் சற்றுக் கலந்திருந்தால் பூசுபவரே அதை அறியார். பளபளப்பில் வேற்றுமை தெரியாது. ஈயத்தைப் பார்த்துப் பித்தளை இளித்த கதை நமக்குத் தெரியும். இங்கோ வெள்ளீயத்தின் மறைவில் காரீயமல்லவா இளிக்கிறது!

சுத்தமான காரீயத்தைக் கண்டுபிடிப்பது கடினமன்று. காகிதத்தில் உரசினால் சாம்பல் நிறக் கோடு விழும். கையில் எடுத்தால் கனக்கும். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தினுடையது 11.3. ஆனால் நூற்றுக்குப் பத்துப் பங்கு கலந்ததைக் கோடு கிழித்தோ கையால் நிறுத்தோ கண்டுபிடித்துவிட முடியாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். அந்தப் பத்துப் பங்குக்கு இவ்வளவு அச்சம் வேண்டுமா என்று கேட்போருக்கு ஒரு கணக்கு. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் இருத்தலாகாது என்பது இந்தியத் தர வரம்பு. அப்படியானால் ஒரே கிராம் காரீயம் ஓர் இலட்சம் லிட்டர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். செம்புக்கு, வேறு நீர் கிடைக்காத இடத்தில் அதே தர ஏடு 1.5 மில்லிகிராம் வரை இடம் கொடுக்கிறது. மேலும் செம்பு தன்னைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். பச்சைக் களிம்பு ஏறும், நீர் கசக்கும், குமட்டும். காரீயம் புளிப்போடு சேர்ந்தால் இனிக்கும்!

இந்தத் தீநீர் யாருக்காக வடிக்கப்படுகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். விடுமுறைக்கு ஊர் போகையில் அக்காள் குழந்தைக்கென்று ஒரு புட்டி ஓமத் தீநீர் எடுத்துப் போகிறோம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைச் சிறு குழந்தைகளின் உடல், பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு இன்ன அளவுவரை தீங்கில்லை என்று எந்த மருத்துவரும் எல்லை வகுத்துத் தரவில்லை.

அப்படியானால் எந்தக் கலத்தைத்தான் வாங்குவது? நாகம் பூசிய வாளியும் தகரமும் வேண்டவே வேண்டாம். புளிப்புப் பட்டால் நாகம் கரையும். அலுமினியம் புளிப்பிலும் காரத்திலும் கரையும். வெறும் தண்ணீருக்கு ஆகலாம், நான் சிபாரிசு செய்யேன். பித்தளைக் குழாய்த் திருகிலும் பித்தளை இணைப்பிலும், எளிதாகக் கடைவதற்கென்றே நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு காரீயம் சேர்ப்பதுண்டு என்பதைப் பலர் அறியார். கொதிகலத்தின் வாயில் அத்தகைய திருகு ஒன்றைப் பொருத்தினாலும் போதும், எவர்சில்வர் வாங்கிய பயன் போயிற்று.

செம்பின் கதை வேறு. வடக்கே கன்னோசியில் இன்றும் அத்தர் வடிப்போர் செம்புக் கலத்தையே ஆளுகின்றனர். அவர்கள் 'தேக்' என்னும் பெரிய செம்புப் பானையை அடுப்பிலேற்றி, மூடியின் விளிம்பைக் களிமண்ணால் அடைத்து, மூங்கில் குழாய் வழியே ஆவியை நீர்த் தொட்டியிலுள்ள 'பப்கா' என்னும் செம்புக் குடத்துக்குள் இறக்குகிறார்கள். அடைப்பு களிமண், குழாய் மூங்கில். ஈயத்துக்கு அங்கே வேலையில்லை! செம்பின் பெருமையைப் பேசுவோர் கவனிக்க மறப்பது இதைத்தான். பழமை என்பதற்காகச் செம்பைக் கொண்டாடி, கடைத்தெருவில் ஈயப் பற்று வைத்த செம்புக் குழாயை வாங்குபவர் கன்னோசியின் வழி நடப்பவர் அல்லர். செம்பு வெப்பத்தை எவர்சில்வரைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும் என்பது உண்மை. அதனால் அடியில் பூ கருகுவது குறையும். ஆனால் எவர்சில்வரிலும் துளையிட்ட தட்டொன்றை நீருக்கு மேலே வைத்துப் பூவை அதில் பரப்பினால் கருகாது. இட்லிப் பானை நமக்குக் கற்றுத் தந்த வித்தைதானே இது?

என் தேர்வு எவர்சில்வர். எல்லா எவர்சில்வரும் ஒன்றன்று. நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் உடைய 304 என்னும் தரம் நல்லது. காந்தம் ஒட்டவில்லையென்றால் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்பவேண்டாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 200 வரிசைத் தகட்டிலும் காந்தம் ஒட்டாது, உப்பும் புளிப்பும் பட்டால் அது சீக்கிரம் துருப்பிடிக்கும். தரத்தின் எண் அடிப்பாகத்தில் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கலம், மூடி, குழாய் மூன்றும் அதே தரமாய், வெல்டிங் செய்யப்பட்டனவாய் இருத்தல் வேண்டும். "பற்று வைத்துத் தருகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பிரஷர் குக்கரைக் கொதிகலமாக்குவோர் நம்மில் பலர். எவர்சில்வர் குக்கராயின் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் வெயிட்டை எடுத்துவிட்டு அந்த மெல்லிய மூக்கில் குழாயை மாட்டும்போது, ஒரே ஓர் இதழ் வந்து அதில் அடைத்துக்கொண்டால் குக்கர் வெடிகுண்டாகும். மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வைக் கசிகிறதென்று ஆணி வைத்து அடைத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரை இன்னும் முழு உருவத்தோடு பார்க்க முடிவது அவர் முன்னோர் செய்த புண்ணியம். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். குழாயின் மறுமுனையை ஒருபோதும் மூடாதீர்கள். ஆவி போகும் வழியில் சாதாரண ரப்பரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். ஓம எண்ணெய் அவற்றை இளக்கி அவற்றின் நாற்றத்தையும் சேர்த்துக் கொண்டுவரும்.

புதுக் கலம் வந்ததும் முதலில் சிறிது காடி கலந்த நீரை ஊற்றி வடித்துக் கொட்டுங்கள்; இரண்டாம் முறை வெறும் நீர், அதையும் கொட்டுங்கள். தொழிற்சாலையின் எண்ணெயும் மெருகுப் பொடியும் அதோடு போய்விடும். ஓமத்தை மூன்றாம் முறை போடலாம்.