அமைதி கேட்டாலும் அடியா? இஸ்ரேலின் யூத - பாலஸ்தீன மாணவர்களை இரு தரப்பும் எதிர்ப்பது ஏன்?

இஸ்ரேல் - பாலஸ்தீனம் என்றாலே குண்டுவீச்சு, பணயக் கைதிகள், போர்நிறுத்தம்... இதைத்தான் தினமும் பார்க்கிறோம். ஆனால் இஸ்ரேலுக்குள்ளேயே யூத மாணவர்களும் பாலஸ்தீன மாணவர்களும் ஊதா நிற டி-சர்ட்டில் ஒன்றாகத் தெருவில் இறங்குகிறார்கள். போர் வேண்டாம், எல்லோருக்கும் சம உரிமை வேண்டும் என்பதுதான் கோரிக்கை. இதுல தப்பு என்ன இருக்கு? ஆனாலும் இரண்டு பக்கமிருந்தும் எதிர்ப்பு. ஏன்?

யார் இந்த மாணவர்கள்?

இஸ்ரேல் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அரேபியர். 1948-ல் இஸ்ரேல் உருவானபோது அங்கேயே தங்கிவிட்ட பாலஸ்தீனர்களின் வாரிசுகள்தான் இவர்களில் பெரும்பாலோர். குடியுரிமை, ஓட்டுரிமை உண்டு. ஆனால் பள்ளிக்கூடம் தனித்தனி. இரு தரப்புப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்க வைக்கும் 'ஹேண்ட் இன் ஹேண்ட்' பள்ளிகள் 1998 முதல் இயங்கினாலும், அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அதனால் பலருக்கும் கல்லூரிதான் முதல் சந்திப்பு. அங்கேயும் சமநிலை இல்லை. அரேபிய மாணவர்களில் பலர் பள்ளி முடித்த கையோடு வருகிறார்கள். யூத மாணவர்களில் பெரும்பாலோர் கட்டாய ராணுவ சேவையை முடித்துவிட்டு வருகிறார்கள். பாடம் ஹீப்ருவில். பெஞ்ச் ஒன்று, அனுபவம் வேறு.

அக்டோபர் 7-க்குப் பிறகு என்ன ஆச்சு?

2023 அக்டோபர் 7 ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிடித்துச் செல்லப்பட்டனர். அடுத்து வந்த போரில் காஸாவில் பலியானோர் எண்ணிக்கை 2025 நவம்பரில் 70 ஆயிரத்தைத் தாண்டியதாக காஸா சுகாதார அமைச்சகம் சொல்கிறது.

இந்தச் சூடு கல்லூரிகளிலும் அடித்தது. 2023 அக்டோபர் இறுதியில் நெதன்யா நகரில், அரேபிய மாணவர்கள் தங்கியிருந்த விடுதியை ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டு 'அரேபியர்களுக்கு மரணம்' என்று கோஷமிட்டது. சமூக வலைதளப் பதிவுகளுக்காக நூற்றுக்கும் மேற்பட்ட பாலஸ்தீன மாணவர்கள் ஒழுங்கு நடவடிக்கையைச் சந்தித்தனர்.

ஊதா சட்டைக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

இவர்கள் 'ஸ்டாண்டிங் டுகெதர்' இயக்கத்தினர். 2015-ல் தொடங்கிய இதற்குக் கல்லூரிகளிலும் கிளைகள் உண்டு. தலைமையில் இருவர்: யூதரான அலோன்-லீ கிரீன், பாலஸ்தீனரான ருலா தாவூத். 2024 மே மாதம் காஸாவுக்குப் போன நிவாரண லாரிகளை தீவிர வலதுசாரிகள் வழிமறித்துச் சூறையாடியபோது, தர்குமியா சோதனைச் சாவடியில் காவலுக்கு நின்றவர்கள் இந்த இயக்கத்தின் தன்னார்வலர்கள்.

அப்போ எதிர்ப்பு ஏன்?

இஸ்ரேல் வலதுசாரிகளுக்கு இவர்கள் 'துரோகிகள்'. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்லும் பாலஸ்தீன இயக்கமான பிடிஎஸ் தரப்பும், இவர்களையும் புறக்கணிக்கும்படி 2024 ஜனவரியில் அழைப்பு விடுத்தது. அவர்கள் சொன்ன காரணம், 'இயல்பாக்கல்'. அதாவது, ஆக்கிரமிப்பு தொடரும்போதே கைகோத்து நின்றால், எல்லாம் நல்லாத்தான் இருக்குனு உலகம் நம்பிவிடும் என்கிறார்கள்.

இந்தக் கோபத்துக்கு வரலாறு உண்டு. 1993-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'சீட்ஸ் ஆஃப் பீஸ்' முகாம், இரு தரப்பு இளைஞர்களையும் நண்பர்களாக்கியது. 2000 அக்டோபரில் அந்த முகாமுக்குப் போய்வந்த 17 வயது பாலஸ்தீன மாணவர் ஒருவர், இஸ்ரேல் போலீஸ் சுட்டதில் இறந்தார். அப்போது அவர் போட்டிருந்தது முகாமின் டி-சர்ட். நட்பு அவரைக் காப்பாற்றவில்லை.

இன்னொரு இடைவெளியும் இருக்கிறது. மேற்குக் கரை மாணவர் இஸ்ரேலுக்குள் வரவே அனுமதிச் சீட்டு வேண்டும். காஸா மாணவருக்கு வழியே இல்லை; அங்கே பல்கலைக்கழகங்களே இடிந்து கிடக்கின்றன. ஆக, 'சேர்ந்து போராடுவது' பெரும்பாலும் இஸ்ரேல் குடிமக்களுக்குள் மட்டும்தான்.

இவர்களின் பதில் என்ன?

'நாங்கள் வெறும் நட்பு பேசவில்லை. ஆக்கிரமிப்பு முடிய வேண்டும் என்கிறோம்' என்பதே இயக்கத்தின் வாதம். இஸ்ரேல் அரசை ஓட்டுப் போட்டு மாற்றக்கூடியவர்கள் அந்நாட்டு மக்கள். அவர்களில் பெரும்பான்மை யூதர்கள். அவர்கள் மனசு மாறாமல் கொள்கை மாறாது. அந்த வேலையை வெளியிலிருந்து யாரும் செய்துவிட முடியாது.

இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. அதனால் யார் யாரோடு கைகுலுக்கினார்கள் என்று பார்ப்பதைவிட, அந்தக் கைகள் சேர்ந்து எதைக் கேட்கின்றன என்று பார்ப்பதுதான் சரியான அளவுகோல். உரிமையில் சமம் இல்லாமல் சகவாழ்வு என்று பேசினால், அது வெறும் போட்டோவோடு முடிந்துவிடும்.