விரல் நுனியில ஒரு முத்து!

இந்த வார மேட்டர் ரொம்பச் சின்னது. பட்டாணி சைஸ்கூட இருக்காது.

எங்க ஊர் வடுகபட்டி. கவிஞர் வைரமுத்து வளர்ந்த ஊர்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஆனா, பஸ்ஸை விட்டு இறங்கினா மூக்குக்கு முதல்ல தெரியறது பூண்டு மார்க்கெட்தான்! அங்கே பூண்டு தரம் பிரிக்கிறவங்க எங்க அத்தை. போன வருஷம் அவங்க நடுவிரல்ல, நகத்துக்கும் கடைசி மூட்டுக்கும் நடுவுல பளபளன்னு ஒரு கட்டி. வலி இல்லை. நகத்துல மட்டும் நீளவாக்குல ஒரு பள்ளம்.

'நகச்சுத்து'ன்னு எலுமிச்சம்பழத்தைச் சொருகினாங்க. ம்ஹூம். அடுத்து, பூண்டை நசுக்கி வச்சு ராத்திரி முழுக்கக் கட்டு. காலையில தோல் வெந்துபோச்சு. ஆமா பாஸ், பச்சைப் பூண்டைத் தோல்ல வச்சுக் கட்டினா தீக்காயம் மாதிரியே புண்ணாகும். பூண்டு ஊர்க்காரங்களுக்கே இது தெரியலை! கடைசியா, ஊக்கு. குத்தினதும் கண்ணாடி மாதிரி பசை வந்துச்சு. மூணே வாரத்துல கட்டியும் திரும்பி வந்துச்சு.

அப்புறம்தான் க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் டார்ச் அடிச்சார். கட்டி உள்ளுக்குள்ள பல்பு எரியற மாதிரி ஒளிர்ந்துச்சு. "மிக்ஸாய்டு சிஸ்ட். கேன்சர் இல்லை, பயப்படாதீங்க"ன்னார்.

மெக்கானிக்கல் மக்களே, இது ஆயில் சீல் லீக் கேஸ். விரல் மூட்டு தேய்ஞ்சா, உள்ளே இருக்கற வழவழப்பு நீர் மெல்லிய பாதை வழியா கசிஞ்சு தோலுக்கடியில தேங்குது. அது நகத்தோட வேரை அழுத்துறதாலதான் பள்ளம். கசியற இடத்தை விட்டுட்டு எண்ணெயை மட்டும் துடைச்சா? அதான் திரும்பி வருது. அதைவிட மோசம், ஊக்குல இருக்கற கிருமி அதே பாதையில மூட்டுக்குள்ளேயே போயிடலாம். அத்தை தப்பிச்சது லக்.

தொந்தரவு இல்லேன்னா சும்மா விடலாம். இருந்தா உறையவைக்கிற சிகிச்சை, ஆபரேஷன்னு வழி இருக்கு. கால் விரல்லயும் வரும், ஆனா குறைவு. நகத்துல கறுப்புக் கோடு, கட்டி வேகமா வளர்றது, சிவந்து வலிக்கிறதுன்னா உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.

இது பெரும்பாலும் நாற்பது தாண்டினவங்களுக்குத்தான் வரும், பெண்களுக்கு அதிகம். அதனால உங்க விரலை விடுங்க, இன்னிக்கு அம்மா சோறு போடும்போது அவங்க விரலைப் பாருங்க.

அத்தை என்ன முடிவு பண்ணினாங்களா? "வலிக்கலேல்ல மருமகனே, அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்"னு மறுநாளே மார்க்கெட்டுக்குக் கிளம்பிட்டாங்க. வளையல்ல மாட்டியிருந்த ஊக்கை மட்டும் நான் கழட்டி எடுத்துக்கிட்டேன்.