அனலைதீவில் ஒரு சைக்கிள் வைபவம்

துவிச்சக்கர வண்டியின் பெருமையை யாழ்ப்பாணத்து மக்களுக்கு எவரும் வந்து போதிக்க வேண்டியதில்லை. 1990க்குப் பின் குடாநாட்டுக்குள் எரிபொருள் வரவிடாது தடுக்கப்பட்ட ஆண்டுகளில் நோயாளி வைத்தியசாலைக்குப் போனதும், விறகு சந்தைக்கு வந்ததும், ஆசிரியர் பள்ளிக்கூடம் சேர்ந்ததும் அந்த இரண்டு சக்கரங்களின் மீதுதான். 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நகர்ந்தபோது எஞ்சிய தட்டுமுட்டுச் சாமான்களைச் சுமந்ததும் அதுவே. 2022இல் எரிபொருள் வற்றியபோது கொழும்புக் கனவான்களும் அதில் ஏறிப் பார்த்தார்கள். இந்த மண்ணில் சைக்கிளோட்ட விழா எடுப்பவர்கள் முதலில் இம்மக்களிடம் பாடம் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? அண்மையில் அனலைதீவில் நாம் கண்டதோ நேர்மாறான காட்சி. நடத்தியவர்களின் பெயர் இங்கு வேண்டியதில்லை. ஒரு சிலரின் குற்றத்தைப் பற்றியதன்று நம் பேச்சு.

அனலைதீவுக்குப் பாலமில்லை. பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியே ஊர்காவற்றுறை சேர்ந்து, அங்கிருந்து படகேற வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அறிந்த இந்தப் பூகோளம் அமைப்பாளர்களுக்கு எட்டவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோரிடம் கட்டணம் வாங்கியவர்கள் அத்தனை வண்டிகளும் எந்தப் படகில் ஏறும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. முடிவில் தீவு மக்களின் அன்றாடப் படகே பறிக்கப்பட்டது. சந்தைப் பையும் கைக்குழந்தையுமாக நின்ற பெண்களுக்கு, "அடுத்த முறை போகலாம்" என்று உத்தரவு பிறந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வண்டிகள் வளைந்த ஹாண்டில்களோடும் கழன்ற செயின்களோடும் கரையேறின. திருத்த ஒரு சாவிகூட அமைப்பாளர்களிடம் இல்லை. பம்பும் சாவியும் வீட்டிலிருந்து கொண்டுவந்தவர்கள் ஊர் இளைஞர்களே.

காலை ஏழு மணிக்கு என்று அறிவித்த ஓட்டம் பதினொரு மணிக்குத் தொடங்கியது. பிரமுகர் வரவேண்டுமே! அதுவரை பள்ளி மாணவர்கள் வெள்ளைச் சீருடையில், கையில் காகிதக் கொடியோடு வெயிலில் நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஓட்டத்தில் இடமில்லை. பதிவுக் கட்டணம் கட்ட அவர்களிடம் பணம் ஏது? கிணறுகள் உவர்க்கும் தீவில் குடிநீருக்கு ஏற்பாடில்லை. புகையிலைத் தோட்டத்து உழைப்பாளிகள் தம் வீட்டிற் சேமித்த நல்ல தண்ணீரைச் செம்பு செம்பாக எடுத்து நீட்டினார்கள். எத்தனை சுற்று ஓடி முடிந்தது என்பதில் நடுவர் இருவரிடம் இரண்டு கணக்கு. மாலைகளில் மட்டும் குறைவில்லை.

இத்தகைய சீர்கேடு புதிதன்று. பிரான்சின் புகழ்பெற்ற சைக்கிளோட்டம் 1903இல் 'லோட்டோ' என்ற பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கத் தொடங்கிய ஒன்று. அடுத்த ஆண்டே வீதியில் ஆணி தூவினார்கள். ஓட்டக்காரர் சிலர் இரகசியமாக இரயிலேறினார்கள். மொரிஸ் கரேன் உட்பட முதல் நால்வரும் நீக்கப்பட, ஐந்தாவதாக வந்த இளைஞர் ஹென்றி கோர்னே வெற்றியாளரானார். எனினும் அங்கே விசாரணை நடந்தது, தண்டனையும் நடந்தது. இங்கே நன்றியுரை நடந்தது.

பணமில்லாதவர்களால் சைக்கிள் விழா நடத்த முடியாதா? புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991இல் அங்கே மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயற்கூலிகளும் கற்றார்கள். பெண்களுக்கான வண்டி போதாதபோது ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1500க்கு மேற்பட்ட பெண்கள் வீதியில் ஓட்டிச் சென்றார்கள். ஊதியமின்றிக் கற்பித்த தொண்டர்கள் கற்பவரின் நேரத்தையும் கூச்சத்தையும் அறிந்திருந்தார்கள். அனலைதீவில் பத்துப் பேரைக் கூட்டிவைத்துக் கேட்டிருந்தால் படகின் நேரம், நல்ல தண்ணீர்க் கிணறு, மணல் புதையும் ஒழுங்கை யாவற்றையும் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை, ஏனெனில் அத்தீவு அவர்களுக்குப் படம் பிடிக்க ஏற்ற பின்னணி மட்டுமே.

அடுத்த ஆண்டு நெடுந்தீவில் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கொடி பிடிக்க மாணவரை அனுப்பும்படி பள்ளிக்கூடங்களுக்கு ஓலை வரத்தான் போகிறது. ஆசிரியத் தோழர்கள் அப்பொழுது கேட்கட்டும்: இவ்வாண்டுக் கட்டணத்தின் கணக்கு எங்கே? மக்களின் படகைத் தொடாமல் உங்கள் வண்டிகள் எதில் வரும்? எங்கள் பிள்ளைகள் ஓடுவார்களா, வெயிலில் நிற்பார்களா? எழுத்தில் விடை வரும்வரை ஒரு மாணவனையும் வகுப்பறையிலிருந்து அனுப்ப வேண்டாம்.