பூட்டைத் திறக்கலாம், மறைத்து விற்கலாமா?

பக்கத்து பிளாக் பையன் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான். மாட்டுங்காவில் என்ஜினீயரிங் படிக்கிறான். சென்ற மாதம் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, "கம்பெனி கொடுத்ததைவிட அரை கிகாஹெர்ட்ஸ் கூடுதலாக ஓட்டுகிறேன் மாமா" என்றான். அவன் அப்பாவுக்கோ கவலை. "ரயில்வேயில் இருந்தவர் நீங்கள், இது தப்பில்லையா சார்?" என்று கேட்டார்.

தப்பில்லை என்பதே என் கட்சி. 1998ல் இன்டெல் விற்ற செலரான் 300ஏ சிலருக்கு நினைவிருக்கலாம். பெருக்கல் எண்ணை 4.5 என்று உள்ளேயே பூட்டியிருந்தார்கள். ஆனால் மதர்போர்டில் பஸ் வேகத்தை 66லிருந்து 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும். நிறைய சிப்கள் அதைத் தாங்கின. 2010ல் அதே கம்பெனி பென்டியம் ஜி6951 என்ற சிப்பில் கேஷ் நினைவகத்தில் ஒரு பகுதியை மூடிவைத்து, 50 டாலர் கொடுத்தால் திறந்து தருகிறோம் என்றது. காசு கொடுத்து வாங்கிய வீட்டுக்குள் பூட்டிய அறை! அதைத் திறப்பவனை நான் திருடன் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எல்லாப் பூட்டும் வியாபாரப் பூட்டு அல்ல. பெரம்பூர் ஐ.சி.எஃப். கட்டிய வந்தே பாரத் 2018 டிசம்பர் சோதனையில் 180 கிலோமீட்டரைத் தொட்டது. பயணிகளோடு ஓட உச்ச அளவு 160தான். அந்த இருபது வீணல்ல, தேய்ந்த சக்கரத்துக்கும் மழை நாளுக்கும் விட்டுவைத்த இடம். சிப்பிலும் அப்படியே. வேகம் கூடினால் சூடு அதே விகிதத்தில் கூடும். வோல்டேஜையும் ஏற்றினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். டிசம்பரில் நின்ற கணக்கு வடாலாவின் மே மாதத்தில் நிற்குமா?

1999ல் லாமிங்டன் ரோடில் ஒரு கடையில், 450 என்று நம்பி மகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கினேன். மே மாதப் பிற்பகல்களில் தானாக நின்றுவிடும். வயரிங், எர்த் எல்லாம் சோதித்தேன். (டிப்ளமாக்காரன் புத்தி வேறெங்கே போகும்?) கடைசியில் விசிறியைக் கழற்றிப் பார்த்தால் சிப்பில் அச்சிட்டிருந்தது 300. அவளுடைய பிராஜெக்ட் ரிப்போர்ட் இரண்டு தடவை அழிந்து, மூன்றாம் தடவை கையாலேயே எழுதிக் கொடுத்தாள். "450ல்தானே சார் ஓடுகிறது?" என்றார் கடைக்காரர்.

பையன் இப்போது அந்த மெஷினை, பன்னிரண்டாவது படிக்கும் பெண்ணுக்காக, தாராவியில் ஒரு குடும்பத்துக்கு விற்கப் பேசியிருக்கிறான். "வேகத்தை இறக்கிக் கொடு. இல்லையென்றால் எவ்வளவு ஏற்றியிருக்கிறாய் என்று எழுதிப் பெட்டியில் ஒட்டு" என்றேன். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கோச் வெளியே போகும்போது, எப்போது பார்த்தது, மறுபடி எப்போது வரவேண்டும் என்று அதன் மேலேயே எழுதித்தான் அனுப்புவோம்.

"விலை குறையுமே மாமா" என்றான்.

குறையட்டும் என்றேன். இன்னும் ஒட்டவில்லை.