பழைய பேட்டரி எங்கே போகிறது?

ரசத்துக்கு ஈயச் சொம்பு வாங்கப் போனால், கடைக்காரர் சொம்பைத் தாளில் தேய்த்துக் காட்டுவார். கறுப்புக் கோடு விழாவிட்டால் அசல் வெள்ளீயம் என்பார். ஆனால் காரீயம் ஏராளமாக இருந்தால்தான் தாள் காட்டிக்கொடுக்கும். நூற்றில் ஒரு பங்கு கலந்திருந்தால் தாளுக்குத் தெரியாது; புளிதான் அதைக் கரைத்தெடுக்கும். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் என்பதால், கலப்படம் செய்யும் ஆசை எளிதில் போகாது.

அந்தக் காரீயம் நம் வீட்டிலேயே கிலோ கணக்கில் உட்கார்ந்திருக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் அதுதான். பேட்டரி செத்ததும் யார் கூடுதலாகத் தருகிறாரோ அவரிடம் தள்ளிவிடுகிறோம். பெரும்பாலும் அவர் காயலான் கடைக்காரர். உரிமம் பெற்ற ஆலை அமிலத்தைச் சுத்திகரிக்க வேண்டும், புகையை வடிகட்ட வேண்டும், வரியும் கட்ட வேண்டும். ஊர்க்கோடியில் பேட்டரியைக் கோடாலியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, தகட்டைத் திறந்த அடுப்பில் உருக்குபவருக்கு இந்தச் செலவு எதுவும் இல்லை. அதில் மிச்சமாகும் பணம்தான் நம் கைக்கு வரும் கூடுதல் விலை.

அந்தப் புகையைச் சுவாசிக்கும் குழந்தையின் உடல் காரீயத்தைக் கால்சியம் என்று நம்பி எலும்பில் சேர்த்துக்கொள்கிறது; மூளையையும் அது விடுவதில்லை. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில் காரீயம் கவலைக்குரிய அளவில் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் கணக்கிட்டது. முறையற்ற பேட்டரி உருக்கலை முக்கியக் காரணமாகச் சுட்டியது.

2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில் வைத்தது சரிதான். ஆனால் மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கிக் கணக்கை நேர்செய்யவும் அவை இடம் தருகின்றன. சான்றிதழ் புகையை நிறுத்தாது. புதிய பேட்டரி விற்கும்போதே கணிசமான முன்பணம் வாங்கி, பழையதைக் கொண்டுவந்தால் மட்டும் திருப்பித் தர வேண்டும். காயலான் கடைக்காரர்களின் பிழைப்பு போய்விடும் என்பார்கள். அவர்களையே பதிவுசெய்து, கமிஷன் கொடுத்துச் சேகரிக்க விடலாம். உருக்க மட்டும் விடக்கூடாது.

பாத்திரக் கடைகளையும் மறக்க வேண்டாம். நம் வீடுகளில் புழங்கும் இண்டாலியம் உள்ளிட்ட, அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் சில பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கசியலாம் என்று 2025இல் எச்சரித்தது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். பாத்திரத்தில் உள்ள காரீயத்தைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. தமிழக உணவுப் பாதுகாப்புத் துறை அவற்றோடு கடைவீதிகளில் இறங்கி, ஈயச் சொம்பில் தொடங்கி, முடிவுகளை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும்.