பெஞ்சில் பிறந்த பேங்க்



'பேங்க் வரைக்கும் போயிட்டு வரேன்' என்று நாம் சொன்னால், வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆங்கிலேயர் சொன்னால் கையில் இருப்பது பாஸ்புக்கா, தூண்டிலா என்று பார்க்க வேண்டும். அவர்களுக்கு ஆற்றங்கரையும் பேங்க்தான். விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்து திரும்பினால் அதுவும் பேங்க். சாலை வளைவில் வெளிப்புறத்தை உயர்த்திப் போடுவதைப் பொறியாளர்கள் 'பேங்கிங்' என்கிறார்கள்.

இத்தனைக்கும் மூலம், பழைய ஜெர்மானிய மொழிகளின் ஒரே வேர்ச்சொல். நாம் உட்காரும் 'பெஞ்ச்' அதன் நேர் வாரிசு. மேடு, திட்டு என்ற பொருளோடு ஸ்காண்டிநேவியர் வழியாக வந்து கரையானது ஒரு கிளை. சாய்வுக் கணக்கெல்லாம் அதில் முளைத்ததுதான். இன்னொரு கிளை இத்தாலிக்குப் போய், 'பாங்கா' என்று பலகையையும் மேசையையும் குறித்தது. பணம் வந்து சேர்ந்தது அங்கேதான்.

இடைக்கால இத்தாலியில் ஊருக்கு ஊர் வேறு நாணயம். ஃப்ளாரன்ஸ் போன்ற நகரங்களின் சந்தையில், காசு மாற்றுபவர்கள் மேசை போட்டு, தராசும் நாணயக் குவியலுமாக உட்கார்ந்திருப்பார்கள். விளிம்பு சுரண்டிய காசா, கலப்படமா என்று எடை போட்டுப் பார்த்து, வட்டம் பிடித்துக்கொண்டு உள்ளூர்க் காசு தருவார்கள். ஆள் நாளைக்கும் அதே மேசையில் இருப்பார் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான், பணத்தை அவரிடமே விட்டுவைக்கும் வழக்கம் வளர்ந்தது. 1472-ல் சியன்னாவில் தொடங்கிய வங்கி இன்றும் நடக்கிறது. நம்மூர் பேங்க் ஆஃப் மெட்ராஸ் 1843-ல் பிறந்து, பின்னாளில் ஸ்டேட் பேங்கின் முன்னோர்களில் ஒன்றாயிற்று.

அந்த மேசைக்கு வேறு பிள்ளைகளும் உண்டு. 'உடைந்த மேசை' என்ற இத்தாலியச் சொல்தான் திவாலைக் குறிக்கும் 'பேங்க்ரப்ட்'. சந்தையில் பலகைமேல் ஏறி நின்று போலி மருந்து விற்றவன் 'மவுண்ட்பேங்க்'. தடபுடலான 'பாங்க்வெட்' விருந்தும் ஒரு சின்ன பெஞ்சிலிருந்து வந்ததே.

1937-ல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில், மருத்துவர் பெர்னார்ட் ஃபான்டஸ் இரத்தத்தைச் சேமித்துவைக்கும் ஏற்பாட்டுக்கு 'பிளட் பேங்க்' என்று பெயர் வைத்தார். யாராவது போட்டு வைத்தால்தானே இன்னொருவர் எடுக்க முடியும்! மேசைக்காரரிடம் வைத்த அதே நம்பிக்கை, இங்கே முகம் தெரியாதவர்களுக்கு இடையே நடமாடுகிறது.

'ஓட்டு வங்கி' நம் நாட்டு வரவு. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1955-ல் மைசூர் கிராமம் ஒன்றைப் பற்றிய கட்டுரையில் எழுதிய 'வோட் பேங்க்', இன்று மேடைக்கு மேடை முழங்குகிறது. பணம் போட்டால் பாஸ்புக்கில் பதிவாவது உண்டு; ஓட்டுப் போட்டவருக்கு விரலில் மை மட்டும்தான்!

பலகை போனது, கட்டடம் வந்தது. இப்போது செல்போனுக்குள்ளேயே பேங்க். எது மாறினாலும், கொடுத்தது கேட்டபோது திரும்பி வரும் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

உங்கள் வீட்டின் முதல் பேங்க் எது? அம்மாவின் அஞ்சறைப் பெட்டியா, பாட்டியின் சுருக்குப் பையா, தெருமுனைச் சீட்டுக்கார அக்காவா? எழுதுங்கள். சுவையான கடிதங்களை அடுத்த இதழில் எல்லோருமாகச் சேர்ந்து படிப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்