வானத்துக்கு யார் பொறுப்பு?

பெரிய நாடுகள் மோதிக்கொண்ட போதெல்லாம் கொச்சியில் கொடி மாறியிருக்கிறது. போர்த்துகீசியரிடமிருந்து 1663-ல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1795-ல் அவர்களிடமிருந்து ஆங்கிலேயர்.  

அன்றைய போட்டி துறைமுகத்துக்கு. இன்று அது தலைக்கு மேலே போய்விட்டது. கொச்சியின் மட்டாஞ்சேரி படகுத்துறைக்கு எதிரே தெரியும் வில்லிங்டன் தீவு, ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்தை ஆழப்படுத்தியபோது வாரிய மண்ணில் எழுந்தது. கடற்படையின் விமானத் தளமான ஐ.என்.எஸ். கருடா 1953-லிருந்து அங்கேதான். நடுக்கடலில் ரோந்து போகும் கப்பலும் விமானமும் கரையோடு பேசுவதற்குச் செயற்கைக்கோள் வேண்டும். அதற்காக 2013 ஆகஸ்டில் ‘ருக்மிணி’ எனும் ஜிசாட்-7, பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் போனது. விமானப்படைக்கென்று 2018 டிசம்பரில் ஜிசாட்-7ஏ. மறுபடி கடற்படைக்கு 2025 நவம்பர் 2-ல், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 4,400 கிலோ எடையுள்ள ஜிசாட்-7ஆர். கூட்டுக் குடும்பம்தான், ஆனால் ஆளுக்கொரு அடுப்பு.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? ரஷ்யா 2015 ஆகஸ்டில் விமானப்படையையும் விண்வெளிப் பாதுகாப்புப் படையையும் ஒன்றாக்கியது. அமெரிக்கா 2019 டிசம்பரில் விண்வெளிப் படையைத் தனியாகவே தொடங்கியது. சீனா 2015 கடைசியில் விண்வெளி, சைபர் எல்லாவற்றையும் ஒரே படைக்குள் போட்டுப் பார்த்து, சரிவரவில்லை போலும், 2024 ஏப்ரலில் கலைத்து மூன்றாகப் பிரித்தது. வழிகள் வேறு. ஆனால் விண்வெளிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை மூவருமே தள்ளிப்போடவில்லை.

நாமும் சும்மா இருக்கவில்லை. 2019 மார்ச் 27-ல் நம்முடைய செயற்கைக்கோள் ஒன்றை நாமே சுமார் 300 கி.மீ. உயரத்தில் ஏவுகணையால் அடித்துக் காட்டினோம். அதே ஆண்டு பெங்களூருவில் பாதுகாப்பு விண்வெளி முகமை வந்தது. 2020 ஜனவரியில் முப்படைகளுக்கும் ஒரு தலைமைத் தளபதி வந்தார். முப்படையும் ஒரே தளபதியின் கீழ் இயங்கும் தியேட்டர் கமாண்ட் பற்றிய பேச்சும் அப்போதிலிருந்து ஓடுகிறது. நில எல்லைகளுக்கும் கடலுக்கும் ஆளுக்கொரு தளபதி என்பது திட்டம். 2001-லேயே தொடங்கிய அந்தமான் நிகோபார் கமாண்டைத் தாண்டி அது நகரவில்லை.

தயக்கம் விமானப்படைக்கு. அவசரம் வேண்டாம் என்று அதன் தளபதி ஏ.பி. சிங் 2025 ஆகஸ்டில் வெளிப்படையாகவே சொன்னார். அதில் நியாயம் உண்டு. அனுமதிக்கப்பட்டவை 42 போர் விமான ஸ்குவாட்ரன்கள். மிக்-21 ஓய்வு பெற்றபின் கையில் இருப்பவை சுமார் 29. இருக்கிற கொஞ்சத்தையும் தியேட்டர் தளபதிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டால், தஞ்சாவூரில் நிற்கும் சுகோயை அவசரத்துக்கு வடக்கே அனுப்ப யாரிடம் கேட்பது?

ஆனால் விமானத்துக்குப் பொருந்தும் இந்த வாதம் செயற்கைக்கோளுக்குப் பொருந்தாது. அதைப் படைக்கொன்றாக ஏவலாம், ஆனால் எல்லைவாரியாக எந்தத் தளபதிக்கும் பங்கு பிரிக்க முடியாது. தாழ்ந்த பாதையில் சுற்றுவது சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும். லடாக்கைப் பார்த்த அதே கண்தான் இன்னொரு சுற்றில் லட்சத்தீவையும் பார்க்கும். அது குருடானால் மூன்று படைகளுக்கும் சேர்த்துத்தான் இருட்டு. ஆகவே விமானத்தைப் பங்கு போடும் சச்சரவு தீரும் வரை காத்திருக்காமல், விண்வெளியிலிருந்து சீரமைப்பைத் தொடங்கலாம். பெங்களூரு முகமையைத் தனிப் பணமும் தனி ஆளும் உள்ள முழு கமாண்டாக உயர்த்தினால் எந்தப் படையும் தன் விமானத்தை இழக்கப்போவதில்லை.

பாதுகாப்பு மானியக் கோரிக்கை வரும்போது விமானம் எத்தனை, கப்பல் எத்தனை என்று கேட்பதோடு நம் எம்.பி.க்கள் உட்கார்ந்துவிடக் கூடாது. நாளை ஒரு செயற்கைக்கோளை எவனாவது குறிவைத்தால் உத்தரவு போடப்போவது யார் என்றும் கேட்கவேண்டும். பதிலாக ஒரே ஒரு பதவியின் பெயர் வரும் வரை விடவும் கூடாது.